சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லையா? காதுக்கும் ஒரு டெஸ்ட்!

புதிய கம்ப்யூட்டர் வீட்டிற்கு வந்தவுடன் எதையெல்லாம் சோதித்துப் பார்க்கிறோம்? மானிட்டரில் புள்ளி ஏதும் விழுந்திருக்கிறதா, கீபோர்டில் எல்லா கீகளும் வேலை செய்கின்றனவா, ஸ்பீக்கரில் இடது, வலது இரண்டும் ஒலிக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆனால் அந்த ஸ்பீக்கரில் இருந்து கிளம்பும் ஒலி கடைசியாகப் போய்ச் சேரும் இடம் நம் காது. அதை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறோமா? கண்ணுக்கு டெஸ்ட் செய்து கண்ணாடி போட்டுக் கொள்கிறோம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்திற்கும் டெஸ்ட் செய்கிறோம். காதுக்கு மட்டும் "எனக்கு நன்றாகத்தானே கேட்கிறது" என்பதோடு முடித்துவிடுகிறோம்.

நான் சென்னையில் சாப்ட்வேர் இஞ்சினியராக வேலை பார்க்கிறேன். வயது 28. சென்ற ஆண்டு காது டெஸ்ட் எடுத்துக் கொண்டேன். இந்த டெஸ்ட்டில் என்ன நடக்கிறது, ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது, கம்ப்யூட்டர் இதில் நமக்கு எந்த அளவிற்கு உதவும், எங்கே உதவாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

சந்தேகம் எப்படி வந்தது?

எங்கள் டீமில் பாதிப் பேர் வெளியூரில் இருக்கிறார்கள். தினமும் காலையில் ஆன்லைன் மீட்டிங் உண்டு. அதில் எல்லாருடைய குரலும் எனக்குக் கேட்கும். ஆனால் சில சொற்கள் மட்டும் தெளிவாக விழாது. "ஃபிஃப்டி" என்றாரா, "சிக்ஸ்டி" என்றாரா என்று சாட்டில் கேட்டு உறுதி செய்து கொள்வேன். ஆண் குரலை விடப் பெண் குரலும், குழந்தைகள் குரலும் சிரமமாக இருந்தன. வால்யூமைக் கூட்டினால் சத்தம் கூடியதே தவிர, தெளிவு கூடவில்லை.

"சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை" என்ற இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கேட்புத் திறன் குறையத் தொடங்கும்போது பெரும்பாலானோர் முதலில் சொல்வது இதைத்தான். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அலைவரிசைகளில் இருக்கிறது. ச, ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகளை அடையாளம் காட்டும் பகுதி உயர்ந்த அலைவரிசைகளில் இருக்கிறது. உயர் பகுதி மட்டும் மங்கினால் பேச்சின் சத்தம் அப்படியே இருக்கும். சொல்லுக்குச் சொல் உள்ள வேறுபாடு மட்டும் அழிந்துவிடும்.

முதலில் கம்ப்யூட்டரைச் சோதியுங்கள்

ஒரு சிக்கல் வந்தால் குற்றவாளி யார் என்று பிரித்துப் பார்ப்பது எங்கள் தொழிலின் பழக்கம். டாக்டரிடம் போகும் முன் கீழ்க்காணும் நான்கு சோதனைகளையும் வீட்டிலேயே செய்து பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

1. ஹெட்போனைத் திருப்பி மாட்டுங்கள். இடது பக்கத்தை வலது காதிலும், வலது பக்கத்தை இடது காதிலும் வைத்து அதே பாடலைக் கேளுங்கள். மங்கல் ஹெட்போனோடு சேர்ந்து அடுத்த காதுக்கு மாறினால், ஹெட்போனில் கோளாறு. மாறாமல் அதே காதில் நின்றால், காதைக் கவனிக்க வேண்டும்.

2. பேலன்ஸைப் பாருங்கள். விண்டோஸ் 11ல் விண்டோஸ் கீயுடன் ஐ கீயை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அதில் சிஸ்டம், பின்னர் சவுண்ட் என்று சென்று உங்கள் ஸ்பீக்கர் அல்லது ஹெட்போன் மீது கிளிக் செய்திடவும். லெஃப்ட் சானல், ரைட் சானல் என இரண்டு அளவுகள் இருக்கும். இரண்டும் சமமாக உள்ளனவா என்று பார்க்கவும்.

3. புளூடூத் ஹெட்செட் என்றால் ஒருமுறை வயர் உள்ள ஹெட்செட்டில் பேசிப் பாருங்கள். பல புளூடூத் ஹெட்செட்கள் பாட்டுக் கேட்கும்போது நல்ல தரத்திலும், மைக் வேலை செய்யத் தொடங்கியதும் தரம் குறைந்த ஹேண்ட்ஸ்ஃப்ரீ முறையிலும் இயங்குகின்றன. இந்த முறையின் பழைய வடிவில் ஒலி விநாடிக்கு 8,000 முறை மட்டுமே அளக்கப்படுகிறது. அளப்பதில் பாதி வரையிலான அலைவரிசையைத்தான் மீட்டெடுக்க முடியும் என்பது டிஜிட்டல் ஒலியின் அடிப்படை விதி. அதாவது 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எதுவும் உங்கள் காதுக்கே வருவதில்லை! அப்போது "ஸ"வும் "ஃப"வும் குழம்பினால் அது காதின் குற்றம் அல்ல.

4. இன்னொருவரைக் கேட்கச் சொல்லுங்கள். அதே ஒலிப்பதிவு, அதே ஹெட்போன், அதே வால்யூம். அவருக்குத் தெளிவாகவும் உங்களுக்கு மங்கலாகவும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

நான் நான்கையும் செய்து பார்த்தேன். ஹெட்போன் சரி, பேலன்ஸ் சரி, வயர் ஹெட்செட்டிலும் அதே நிலை. என் அறைத் தோழிக்குத் தெளிவாகக் கேட்ட ஒலிப்பதிவு எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதம் இருந்தது என் காது மட்டும்தான். ஒரு காது, மூக்கு, தொண்டை மருத்துவமனையில் நேரம் வாங்கினேன்.

இரண்டு அளவுகள் தெரிந்தால் போதும்

டெஸ்ட்டைப் புரிந்து கொள்ள ஹெர்ட்ஸ், டெசிபல் என்ற இரண்டு அளவுகள் தெரிந்திருந்தால் போதும்.

ஹெர்ட்ஸ் என்பது ஒலி விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு. எண் கூடக் கூட ஒலி கீச்சென்று ஆகும். இளம் வயதில் மனிதக் காது சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற மேல் எல்லை இறங்கிக் கொண்டே வரும்.

டெசிபல் என்பது ஒலியின் வலிமை. தொலைபேசியோடு தொடர்புடைய அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லின் பெயரால் அமைந்த "பெல்" என்ற அளவில் பத்தில் ஒரு பங்குதான் டெசிபல். பெல்லின் தாயார், மனைவி இருவருமே காது கேளாதவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. இந்த அளவு சாதாரண ஸ்கேல் போன்றது அல்ல. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்கு ஆகிறது. 20 கூடினால் 100 மடங்கு. 3 டெசிபல் கூடினாலே இரு மடங்கு.

டெஸ்ட் அறையில் என்ன நடக்கும்?

ஊசி இல்லை, வலி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை. சுமார் அரை மணி நேரம் ஆகும். முந்தைய நாள் முதல் கச்சேரி, திருவிழா ஒலிபெருக்கி, மிஷின் சத்தம் போன்றவற்றில் இருந்து விலகி இருப்பது நல்லது. அதிகச் சத்தத்திற்குப் பின் காது தற்காலிகமாக மந்தமாகும் என்பதால் ரிப்போர்ட் தவறாக வரலாம்.

முதலில் டாக்டர் விளக்கு பொருத்திய சிறு கருவியால் காதுக்குள் பார்க்கிறார். காதுக் குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்துவிட்டுத்தான் டெஸ்ட். சிலருக்கு இந்த இடத்திலேயே சிக்கல் தீர்ந்துவிடுவதும் உண்டு.

அடுத்து ஆடியாலஜிஸ்ட். கேட்புத் திறனை அளப்பதற்கென்றே படித்தவர் இவர். வெளிச் சத்தம் நுழையாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். "பீப் சத்தம் எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும் அழுத்துங்க மேடம். கேட்ட மாதிரி இருந்தாலும் அழுத்தலாம்" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஆடியோமீட்டர் என்ற கருவியை இயக்கினார்.

இந்த டெஸ்ட்டின் பெயர் ப்யூர் டோன் ஆடியோமெட்ரி. ஒரே அலைவரிசை கொண்ட ஒலிகள் ஒவ்வொன்றாக வருகின்றன. வழக்கமாக 1,000 ஹெர்ட்ஸில் தொடங்கி 2,000, 4,000, 8,000 என மேலே சென்று, பின்னர் 500, 250 என்று கீழே இறங்குகிறார்கள். நீங்கள் பட்டனை அழுத்தினால் அடுத்த ஒலி 10 டெசிபல் குறைக்கப்படும். அழுத்தாவிட்டால் 5 டெசிபல் கூட்டப்படும். "பத்து இறக்கு, ஐந்து ஏற்று" என்ற இந்த முறை 1959 முதல் வழக்கத்தில் உள்ளது. புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மேலும் கீழும் தேடித் தேடி, உங்களுக்கு நம்பகமாகக் கேட்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிக்கும் ஒரு லூப், அவ்வளவுதான்!

அதன் பின் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பின் மீது ஒரு சிறு அதிர்வுக் கருவியை வைத்து மீண்டும் அதே டெஸ்ட். எலும்பு வழியே செல்லும் ஒலி வெளிக்காதையும் நடுக்காதையும் தாண்டி நேராக உட்காதுக்குச் செல்கிறது. ஹெட்போனில் குறைவாகவும் எலும்பு வழியே நன்றாகவும் கேட்டால், சிக்கல் வழியில்தான் இருக்கிறது. குறும்பி, செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதில் நீர் போன்றவை காரணமாக இருக்கலாம். இவற்றில் பலவற்றை மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ சரி செய்யலாம். இரண்டிலும் ஒரே அளவு குறைந்திருந்தால், சிக்கல் உட்காதிலோ நரம்பிலோ இருக்கிறது.

கடைசியாகப் பேச்சு டெஸ்ட். வாயசைவு தெரியாதபடி மறைத்துக் கொண்டு தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் திருப்பிச் சொல்ல வேண்டும். எத்தனை சொற்கள் சரி என்பது சதவீதமாகக் குறிக்கப்படுகிறது. எனக்கு மொத்தச் செலவு 600 ரூபாய். மருத்துவமனைக்கு மருத்துவமனை இது மாறும்.

ஆடியோகிராம் படிப்பது எப்படி?

கையில் தரப்படும் ரிப்போர்ட்டின் பெயர் ஆடியோகிராம். எக்ஸெல்லில் வரையும் கிராஃப் போன்றதுதான். இடமிருந்து வலமாக ஹெர்ட்ஸ். மேலிருந்து கீழாக டெசிபல். கோடு மேலே இருந்தால் காது நன்றாக இருக்கிறது. கீழே இறங்கினால் குறைவு. வலது காதுக்குச் சிவப்பு நிற வட்டம், இடது காதுக்கு நீல நிறப் பெருக்கல் குறி. இதில் 0 டெசிபல் என்றால் ஒலியே இல்லை என்று பொருள் அல்ல. நல்ல காதுள்ள இளைஞர்களுக்குச் சராசரியாகக் கேட்கத் தொடங்கும் அளவுதான் 0.

500, 1,000, 2,000, 4,000 ஹெர்ட்ஸ் ஆகிய நான்கிலும் கிடைத்த எண்களைக் கூட்டி நான்கால் வகுத்தால் ஒரு சராசரி வரும். உலக சுகாதார நிறுவனம் 2021ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இரண்டில் நல்ல காதின் சராசரி 20 டெசிபலுக்குக் குறைவாக இருந்தால் இயல்பு. 20 முதல் 35க்குள் லேசான குறைவு. 35 முதல் 50க்குள் மிதமான குறைவு. 50 முதல் 65க்குள் மிதத்தை விடச் சற்றுக் கடுமை. 65 முதல் 80க்குள் கடுமை. அதற்கு மேல் மிகக் கடுமை. பழைய ரிப்போர்ட்களில் 25 டெசிபல் வரை இயல்பு என்று கணக்கிட்டிருப்பார்கள். எனவே பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

சராசரி மறைத்த குழி

என் இடது காதின் எண்கள் 10, 10, 15, 35. சராசரி 17.5. வலது காதின் எண்கள் 10, 15, 15, 40. சராசரி 20. நல்ல காதை வைத்துப் பார்த்தால் நான் "இயல்பு" என்ற பிரிவில் வருகிறேன். ஒரே ஒரு வார்த்தையில் ரிப்போர்ட் கொடுத்திருந்தால் நிம்மதியாக வீட்டிற்குப் போயிருப்பேன்.

ஆனால் கிராஃபில் கதை வேறாக இருந்தது. 2,000 ஹெர்ட்ஸ் வரை நேராகச் சென்ற கோடு, 4,000ல் திடீரென்று குழி போல இறங்கி, 8,000ல் மீண்டும் ஏறியது. இரண்டு காதிலும் அதே குழி. ஆடியாலஜிஸ்ட் அந்த இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டி, "சின்ன வயசுல ரொம்ப சத்தமான இடத்துல இருந்தீங்களா மேடம்?" என்று கேட்டார்.

என் ஊர் நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம். வீட்டை ஒட்டியே தறிக்கூடம். விசைத்தறிச் சத்தத்தில்தான் தூங்கினேன், படித்தேன், வளர்ந்தேன்.

அதிகச் சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் முதலில் தெரியும். காதுத் துளையின் அமைப்பே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகப் பெருக்கி உள்ளே அனுப்புவது இதற்கு ஒரு காரணம். உட்காதில் நத்தை ஓடு போன்ற காக்ளியா என்ற உறுப்பு உள்ளது. அதன் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு அலைவரிசைக்கு அதிர்கிறது. வாசலை ஒட்டிய பகுதி கீச்சொலிகளுக்கு, உள்முனை தாழ்ந்த ஒலிகளுக்கு. இதைக் கண்டறிந்தவர் கியோர்க் வான் பெகெஷி. ஹங்கேரி நாட்டின் தபால் துறையில், தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். இதற்காக 1961ல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றார்.

காக்ளியாவுக்குள் ஒலியை மின் துடிப்பாக மாற்றுபவை மயிர் செல்கள். ஒரு காதுக்குச் சுமார் 15,000 மட்டுமே உண்டு. மனிதர்களுக்கு அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஹார்ட் டிஸ்க் போனால் பேக்கப்பில் இருந்து எடுக்கலாம். இதற்குப் பேக்கப் கிடையாது.

"இந்தக் குழியை வைச்சு மட்டும் சத்தம்தான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா இனிமே காதைப் பாதுகாக்கணும். இந்த ரிப்போர்ட்டைப் பத்திரமா வைங்க. அடுத்த வருஷம் எடுக்கறப்ப ஒப்பிட்டுப் பார்க்க இது வேணும்" என்றார். எனக்கு இப்போதைக்குக் கருவி தேவையில்லை என்றும் சொன்னார்.

அப்பாவுக்கும் ஒரு டெஸ்ட்

திரும்பி வரும் வழியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாதுகாப்பாக ஒலி கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு வாரத்திற்கு 80 டெசிபலில் 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் ஆற்றல் 10 மடங்கு என்பதால் 4 மணி நேரம்தான். தறிக்கூடங்களில் 90 டெசிபலைத் தாண்டிய சத்தம் சாதாரணம். 12 மணி நேர ஷிப்ட் ஒன்றை இந்தக் கணக்கில் வைத்தால், ஒரே நாளில் 3 வாரப் பங்கு தீர்ந்துவிடுகிறது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே இப்படி என்றால், 30 ஆண்டுகளுக்கு மேலாகத் தறிக்கு முன்னால் நிற்கும் அப்பாவுக்கு?

அப்பாவுக்கு 58 வயது. டிவி வால்யூம் எப்போதும் உச்சத்தில். போனில் அம்மாதான் பேசுவார். உறவினர் வீட்டு விசேஷங்களில் ஓரமாக உட்கார்ந்து சிரித்துக் கொண்டே இருப்பார். அமைதியான மனிதர் என்றே எல்லாரும் நினைத்துக் கொண்டிருந்தோம்.

டெஸ்ட்டுக்கு அழைத்தபோது, "எனக்கு நல்லாத்தான் கேக்குது அம்மணி. நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க" என்றார். வாதாடவில்லை. என் ஆடியோகிராமைக் காட்டி, "எனக்கே குறைஞ்சிருக்குங்கப்பா. கூட வாங்க" என்றேன். எனக்குக் குறைந்திருக்கிறது என்றதும் மறு பேச்சுப் பேசவில்லை. ஈரோட்டில் டெஸ்ட் எடுத்தோம்.

நல்ல காதின் எண்கள் 25, 40, 55, 70. சராசரி 47.5. மிதமான குறைவு. மிதத்தை விடச் சற்றுக் கடுமை என்ற பிரிவை ஒட்டிய எல்லை. பேச்சு டெஸ்ட்டில் "சாவி" என்றதற்கு "காவி" என்று சொன்னார். அதைக் கேட்டுக் கொண்டிருந்த அம்மா வெளியே வந்து, "இத்தனை வருஷம் வேணும்னே கேக்காத மாதிரி இருக்காருன்னு நெனச்சனே" என்று கண் கலங்கினார். வீட்டில் நடந்த பாதிச் சண்டைகளுக்குக் காரணம் ஒரே ஒரு கிராஃபில் இருந்தது.

அப்பாவுக்குக் காதுக் கருவி பொருத்தினார்கள். இது வெறும் ஒலிபெருக்கி அல்ல. காதுக்குப் பின்னால் உட்காரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். 1990களின் நடுவில் முழு டிஜிட்டல் கருவிகள் சந்தைக்கு வந்தன. ஆடியோகிராம் எண்களைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால், எந்த அலைவரிசையில் எவ்வளவு கூட்ட வேண்டும் என்று சாப்ட்வேர் கணக்கிட்டுக் கருவியில் ஏற்றுகிறது. விலை சில ஆயிரங்களில் தொடங்கி லட்சத்திற்கு மேலும் போகிறது. விலை உயர்ந்ததுதான் நல்லது என்பதில்லை. போட்டுப் பார்த்து, பேச்சு புரிகிறதா என்று சோதித்த பின் வாங்குவதே சரி.

கருவி போட்டவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் வாரம் பேப்பர் சலசலப்பும், பாத்திரச் சத்தமும் தொந்தரவு என்று அப்பா கழற்றி வைத்துவிட்டார். மூளை பல ஆண்டுகளாகக் கேட்காத ஒலிகளுக்கு மீண்டும் பழக வேண்டும். தினமும் இரண்டு மணி நேரம் என்று தொடங்கி, இரண்டு மாதத்தில் நாள் முழுதும் போடுகிறார். இரண்டு முறை செட்டிங்கை மாற்றி வாங்கினோம். இப்போது போனை அவரே எடுக்கிறார். தறிக்குப் போகும்போது கருவியைக் கழற்றிவிட்டுக் காது அடைப்பான் போட்டுக் கொள்கிறார்.

மொபைலில் டெஸ்ட் செய்தால் போதாதா?

நியாயமான கேள்விதான். உலக சுகாதார நிறுவனம் 2019ல் "ஹியர் டபிள்யூ.எச்.ஓ." என்ற இலவச அப்ளிகேஷனை வெளியிட்டது. பின்னணி இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்கள் ஒலிக்கும். கேட்டதை அழுத்த வேண்டும். இரைச்சலோடு ஒப்பிட்டு அளப்பதால், உங்கள் ஹெட்போன் எந்த வால்யூமில் இருக்கிறது என்பது இதில் பெரிதாகப் பாதிக்காது. 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அமைப்பு ஆப்பிள் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்போனைக் காதுக் கருவி போலப் பயன்படுத்தும் சாப்ட்வேருக்கு அனுமதி அளித்தது.

ஆனால் இணையத்தில் "பீப்" சத்தம் எழுப்பும் சாதாரண டெஸ்ட்களை அப்படியே நம்ப வேண்டாம். மருத்துவமனை ஆடியோமீட்டர் அதன் ஹெட்போனோடு சேர்த்து அளந்து சரி செய்யப்பட்டது. உங்கள் ஹெட்போனில் 40 டெசிபல் என்பது உண்மையில் எவ்வளவு என்று அந்த இணையதளத்திற்குத் தெரியாது. ஃபேன் ஓடும் அறையில் மெல்லிய ஒலிகள் அமுங்கிவிடும். எலும்பு வழி டெஸ்ட்டும் அங்கே இல்லை. எனவே "டாக்டரைப் பார்க்க வேண்டுமா?" என்று முடிவு செய்ய மட்டும் இவற்றைப் பயன்படுத்துங்கள். "பார்க்க வேண்டாம்" என்று முடிவு செய்யப் பயன்படுத்த வேண்டாம்.

கம்ப்யூட்டரில் உதவும் வசதிகள்

* லைவ் கேப்ஷன்ஸ்: விண்டோஸ் 11ல் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், எல் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தவும். முதல் முறை மட்டும் மொழிக்கான பைலை இறக்கிக் கொள்ளும். பின்னர் கம்ப்யூட்டரில் ஒலிக்கும் ஆங்கிலப் பேச்சு எழுத்தாகத் திரையில் ஓடும். எங்கள் மீட்டிங்கில் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

* மோனோ ஆடியோ: ஒரு காதில் மட்டும் குறைவு உள்ளவர்களுக்கு இது அவசியம். செட்டிங்ஸ், அக்சஸிபிலிட்டி, ஆடியோ என்று சென்று மோனோ ஆடியோவை ஆன் செய்திடவும். இடது, வலது இரண்டும் கலந்து இரு பக்கமும் ஒலிக்கும்.

* திரை மின்னல்: அதே ஆடியோ பக்கத்தில், அறிவிப்பு ஒலி வரும்போது திரையை ஒளிரச் செய்யும் வசதியும் உள்ளது.

* லைவ் ட்ரான்ஸ்கிரைப்: ஆண்ட்ராய்டு போனுக்கான கூகுளின் இலவச வசதி. எதிரில் இருப்பவர் தமிழில் பேசினாலும் எழுத்தாக்கித் தரும். அப்பா மருந்துக் கடையில் இதைப் பயன்படுத்துகிறார்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஒரு காது திடீரென்று, ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ மந்தமானால் அது அவசரம். "சளி அடைத்திருக்கும்" என்று வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டாம். முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சைதான் பலன் தர அதிக வாய்ப்புண்டு. காதில் சீழ், ரத்தம், ஒரு காதில் மட்டும் இரைச்சல், தலைசுற்றல் இருந்தாலும் உடனே டாக்டரைப் பாருங்கள்.

மற்றவர்கள்? 50 வயது முதல் 64 வரை 5 ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பின் 1 முதல் 3 ஆண்டுக்கு ஒரு முறையும் காதைச் சோதிக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தறி, ஆலை, பட்டறை, ஒலிபெருக்கித் தொழில் போன்ற சத்தமான வேலையில் இருப்பவர்கள் 50 வரை காத்திருக்காமல் ஆண்டுதோறும் எடுப்பது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவிலும் இந்த டெஸ்ட் செய்யப்படுகிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024ல் வெளியிட்ட அறிக்கையில், மறதி நோய்க்குக் காரணமாகும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளுள் கேட்புக் குறைவும் ஒன்று என்று சொல்லியிருப்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

டெஸ்ட் எடுத்தவுடன் ஆடியோகிராமைப் போட்டோ எடுத்தோ ஸ்கேன் செய்தோ, தேதியைப் பைல் பெயராகக் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஒரு போல்டரில் சேமித்து வையுங்கள். "இயல்பு" என்ற ஒரு சொல்லோடு திரும்பி வராதீர்கள்; எண்களைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் கொடுப்பது இந்த முதல் ரிப்போர்ட்தான். உங்கள் வீட்டில் டிவி வால்யூமைக் கூட்டிக் கொண்டே போகும் ஒருவர் இருந்தால், அவரோடு சண்டை போடுவதை விட்டுவிட்டு, முதலில் உங்கள் காதை டெஸ்ட் செய்து அந்த கிராஃபை அவரிடம் காட்டுங்கள். அடுத்த முறை அவரும் உங்களோடு வருவார்.